கொடிக்கு மேற்கே

ஜூலை 3, வெள்ளி

காற்று 21 நாட், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர், தென்மேற்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை ஒரே சீர். ஒன்பது மீட்டர் பட்டம். அதிக வேகம் 26.4.

ஆகஸ்ட் 29 போட்டி. அதுவரை தினமும் எழுதுவது என்று முடிவு. காற்று, பட்டம், வேகம், செய்த தவறு. அவ்வளவுதான். புலம்பல் கிடையாது. கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி சோதனைப் பிரிவில் நான்கு வருடம் இருந்தவன் நான். குறித்து வைக்காத அளவு எடுக்காத அளவுக்குச் சமம் என்று என் கீழே வேலை பார்த்தவர்களைத் திட்டியிருக்கிறேன்.

புதுப் பலகை வந்துவிட்டது. ஃபாயில். பலகைக்கு அடியில் முக்கால் மீட்டர் அலுமினியத் தண்டு, தண்டின் நுனியில் சின்ன இறக்கை. வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடும். தண்டு மட்டும் உள்ளே. சத்தமே வராது. இந்தக் கரையில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, மற்றவர்களுக்கெல்லாம் சாதாரணப் பலகை.

லெஸ்லி அண்ணன் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஏல, இதுக்கு ஆழம் வேணும்லா? பார் பக்கம் கொண்டு போகாத." பார் என்றால் கடலுக்குள் இருக்கிற பாறைத் திட்டு. அவர் தூத்துக்குடிக்காரர். பதினோரு வருடமாக நரிமுந்தலில் கொட்டகை போட்டு, பட்டம் இழுக்கப் பலகையில் கடல்மேல் ஓடக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். நான் சொல்லிக்கொடுப்பவன். அதோடு பாதுகாப்பும் என் பொறுப்பு. பதினோரு வருடத்தில் இவர் ஒரு வரைபடம்கூடப் போடவில்லை. கரை ஊர்ப் பொது. எங்களை இறங்க விடுவதும் விடாததும் ஊர் முடிவு. காகிதம் எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல்.

நான் வந்து செய்தவை: எல்லாப் பலகையிலும் தடம் பதியும் கருவி பொருத்தினேன். தினமும் நானே சார்ஜ் போடுகிறேன், ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் அங்கே ஒரு சிவப்புக் கொடி நட்டு வைப்பார்கள். அதை மையமாக வைத்து அறுபது மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே யாரும் போகக் கூடாது என்று அச்சடித்து ஒட்டினேன். கொடிக்கு மேற்கே ஓடுபாதை. பிரச்சினை முடிந்தது.

ஜூலை 5, ஞாயிறு

காற்று 19. அலை குதறல்.

பிரச்சினை முடியவில்லையாம். நம்புசெல்வி வந்தார். பாசிப் பெண்களுக்குத் தலைவி, நாற்பது வயதிருக்கும். முகக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, விரல்களில் சுற்றிய துணியோடு, இடுப்பில் நீல நைலான் வலைப்பை தொங்க, சொட்டச் சொட்டக் கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டார். அண்ணன் இல்லை. நான் பட்டத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்ஜினியரு, பட்டத்தக் கட்டிக்கிட்டுப் பலகையில வழுக்குறதுக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்குறீகளாமே. மனுசத் தலை எது, மெதக்குற தேங்கா எதுன்னு அதுல ஒரு பாடம் உண்டா?"

"என்னங்க்கா பிரச்சினை?"

"தலைக்கு மேல போறீக. மத்த பலகை வந்தா பொதபொதன்னு சத்தம் கேக்கும், அமுங்கிருவோம். ஒண்ணு மட்டும் பேய் கணக்கா சத்தமில்லாம வருது."

வரைபடத்தைக் காட்டினேன். வட்டம், ஆரம், பாதை எல்லாம். ஈரக் கையால் தொட்டார். மை கரைந்தது.

"இந்த வட்டத்துக்குள்ள யாரு இருக்கா?"

"நீங்கதான்."

"நாங்களா!" என்று வாசலைப் பார்த்துச் சிரித்தார். வெளியே நின்ற நான்கைந்து பேரும் சிரித்தார்கள். "ஏ பூமயிலு, நம்மள வட்டத்துக்குள்ள ஒக்கார வச்சிருக்காரு இன்ஜினியரு!"

பூமயில் என்கிற அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். "சோறும் உள்ளயே வருமான்னு கேளுக்கா" என்றாள்.

அதன் பிறகு நம்புசெல்வி கொடியைப் பற்றி, நீவாடு பற்றி என்னவோ விளக்கினார். நீவாடு என்றால் நீரோட்டம். எனக்குக் காற்று போய்க்கொண்டிருந்தது. சரிங்கக்கா, சரிங்கக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொதுவான புகார். குறிப்பாக எதுவும் இல்லை.

ஜூலை 6, திங்கள்

காற்று 12. எதற்கும் லாயக்கில்லை. பம்ப் வாஷர் மாற்றினேன். துணி துவைத்தேன்.

ஜூலை 7, செவ்வாய்

காற்று 20. புனேயிலிருந்து அங்கித் என்று ஒரு வாடிக்கையாளன் வந்திருக்கிறான். நாளை மதியம் கிளம்புகிறானாம், அதற்குள் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டும் அவனுக்கு. நங்கூரமிட்ட வள்ளத்தின் மேலேயே தாவினான். வள்ளத்தில் ஆள் இருந்தது. அண்ணன் கரையிலிருந்து கத்தியது கேட்கவில்லை போல நடித்தான். இப்படிப்பட்டவர்களால்தான் எல்லோருக்கும் கெட்ட பெயர். இதை அவனிடமே சொன்னேன். "ச்சில், ப்ரோ" என்றான். நான் அவனை அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 8, புதன்

காற்று 24. இந்தப் பருவத்தின் சிறந்த நாள். அதிக வேகம் 28.9, பகல் 11:40-க்கு. இந்தக் கடலில் யாரும் இவ்வளவு போனதில்லை.

அதே ஓட்டத்தில் திரும்பும்போது விழுந்தேன். ஃபாயில் எதிலோ தட்டிவிட்டது. ஆமை. இந்தப் பக்கம் ஆமை நிறைய. பட்டத்தை மறுபடி எழுப்பி வெளிக்கடல் பக்கம் போய்விட்டேன். தண்ணீர் ஒரே பளபளப்பு, பின்னால் எதுவும் தெரியவில்லை. முழங்காலில் சிராய்ப்பு. கரைக்கு வந்து கழுவும்போது தண்டில் நீல நூல் சுற்றியிருந்தது. வலைக் குப்பை. அறுத்துப் போட்டேன்.

பன்னிரண்டேகாலுக்குக் கரையில் கூச்சல். பாசி எடுக்கும் பெண் ஒருத்தியைப் பட்டக்காரன் இடித்துவிட்டானாம். பூமயில். காதுக்குப் பின்னால் ரத்தம். இரண்டு பெண்கள் தோளில் தாங்கிக் கொண்டு வந்தார்கள். நம்புசெல்வி தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டியிருந்தார். ஆட்டோவில் ஏற்றினார்கள். லெஸ்லி அண்ணனும் கூடவே ஏறிப் போனார்.

அங்கித் இரண்டு மணிப் பேருந்தில் போய்விட்டான். நேற்று அவன் ஆடிய ஆட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இன்றும் காலையில் கரையோரமாக நான்கைந்து தடவை தாவினான். பாதை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. நான் வட்டத்தைக் காட்டியபோது கொட்டாவி விட்டான். பலகையைக் கட்டுப்படுத்தத் தெரியாதவனைத் தண்ணீரில் இறக்கியதே தவறு, அது அண்ணன் செய்த தவறு. அங்கித் கிளம்பும்போது என்னிடம் கை குலுக்கினான். பதற்றமாகத்தான் இருந்தான் என்று நினைக்கிறேன்.

முழங்காலில் மருந்து போட்டேன்.

ஜூலை 9, வியாழன்

காற்று 22. தண்ணீரில் இறங்கவில்லை. இறங்க வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

ஏழு தையல். பயப்பட ஒன்றுமில்லையாம். நல்லவேளை.

பத்து மணிக்கு வலைக்கொட்டகையில் ஊர்க் கூட்டம். ஊர்த் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், ஆனால் பேசியதெல்லாம் நம்புசெல்விதான். எங்கள் தரப்பில் அண்ணன், நான், வகுப்புக்கு வந்திருக்கும் ஆறு பேர். நாங்கள் நின்றோம். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"எங்க வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதுல்ல, கேட்டுக்கங்க" என்றார் நம்புசெல்வி. "கடல்ல வலைய அறுத்தவன், படகால இடிச்சவன், எவனா இருந்தாலும் தானா வந்து நான்தான்னு சொன்னா வழக்கு அவனோட முடிஞ்சிரும். அவன் மட்டும் ஒரு பருவம் இங்கிட்டு எறங்கக் கூடாது. மத்தவுக எறங்கலாம். வாயத் தொறக்கலைன்னா அவன் கூட்டாளிக பூராத்துக்கும் கரை கெடையாது. ஞாயித்துக்கெழமை பொழுது சாயுற வரைக்கும் நேரம்."

"செஞ்சவன் ஊருக்குப் போயிட்டான்னா?" என்று கேட்டேன்.

"போயிட்டானா?"

"அங்கித். நேத்து மதியம் போயிட்டான். நான் சொல்றேன், எழுதிக்கங்க."

"அடுத்தவன் காட்டிக் குடுத்தா செல்லாது. செஞ்சவன் வாயில வரணும்."

"இது என்னங்க்கா முறை? விசாரணை இல்லை, சாட்சி இல்லை, அளவு இல்லை. யார் செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"யாரு செஞ்சதுன்னு செஞ்சவனுக்குத் தெரியாதாய்யா?"

பின்னால் இருந்து ஒரு கிழவர் இருமினார். இன்னொருவர், "அளவு எடுக்கத்தான் ஏழு தையலு போட்டுருக்காகளே" என்றார். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிக்காதவர்கள் என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

எல்லாப் பலகையின் தடமும் என்னிடம் இருக்கிறது, நாளை மறுநாள் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் எனக்கு நாலு அடி முன்னால் நடந்தார்.

ஜூலை 10, வெள்ளி

காற்று 25. பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. போட்டிக்கு இன்னும் ஐம்பது நாள். இந்தப் பருவம் தண்ணீரில் இல்லையென்றால் போட்டியே இல்லை. வேலையை விட்டதற்கு அர்த்தமும் இல்லை. அப்பா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அதற்கு மட்டும் இடம் கொடுக்க மாட்டேன்.

எட்டுப் பலகையின் தடத்தையும் கணினியில் இறக்கினேன். அங்கித்தின் கோடு தெளிவு. 11:38-க்குக் கொடியிலிருந்து தொண்ணூறு மீட்டர் மேற்கே போயிருக்கிறான். என் பலகையில் 11:30 முதல் 11:55 வரை பதிவு இல்லை. பேட்டரி.

எட்டுக் கோடுகளையும் வெவ்வேறு வண்ணத்தில் போட்டேன். பார்க்க நன்றாக வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகிறாயா என்று அண்ணன் கேட்டார். வேலை இருக்கிறது என்றேன்.

ஜூலை 11, சனி

காற்று 20.

கூட்டத்தில் கணினியைத் திறந்து வைத்துக் காட்டினேன். பெஞ்சின் மேல் வைக்க இடம் கேட்டால் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டார்கள். விளக்கினேன். இது கொடி, இது வட்டம், இந்த ஆரஞ்சுக் கோடு அங்கித். மணி 11:38. தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

நம்புசெல்வி ஆரஞ்சுக் கோட்டைப் பார்க்கவே இல்லை. "அவன் பலகையில கம்பி இருக்கா?" என்று கேட்டார்.

"கம்பியா?"

"அடியில. கம்பி."

"இல்லை. சாதாரணப் பலகை."

"சரி" என்றார். அவ்வளவுதான். தலைவர் வெற்றிலையை மடித்தார். ஏன் அதைக் கேட்டார் என்று தெரியவில்லை. தொழில்நுட்பத்தில் ஆர்வம் இருக்கலாம்.

நான் விடவில்லை. உங்கள் ஆட்கள் ஏன் வட்டத்துக்கு வெளியே இருந்தார்கள் என்று கேட்டேன். கேள்வி நியாயமானது. கொடியை நட்டுவிட்டுத் தொண்ணூறு மீட்டர் தள்ளி ஏன் போகிறீர்கள்? கொடி எதற்கு?

பிறகு நம்புசெல்வி தரையிலிருந்து ஒரு கிளிஞ்சலை எடுத்து மணலில் வைத்தார்.

"இது கொடி. இதுகிட்ட ஒருத்தி மட்டும் நிப்பா, தலைய எண்ணிக்கிட்டு. மத்தவுக நீவாடுக்கு எதுத்தாப்புல போவோம். இந்தக் கச்சான் காத்துக் காலத்துல நீவாடு மேக்க இருந்து கெழக்க. அப்ப நாங்க எங்கிட்டுப் போவோம்?"

"மேற்கே."

"எதுக்கு? பை நெறஞ்சு, மூச்சு வாங்கி, கையி ஓஞ்சு போனா நீந்த வேண்டாம். சும்மா மெதந்தாப் போதும். நீவாடே கொண்டாந்து கொடிக்கிட்ட விட்டுரும். அதுக்குத்தான்யா கொடி. கொடிக்கு மேக்கதான் எங்க பொழப்பு. இத அன்னைக்கே சொன்னேன் ஒனக்கு. நீ காத்தடிச்சுக்கிட்டு இருந்த."

"சரிங்கக்கான்னு சொன்னாருல்ல" என்றாள் ஒருத்தி.

கணினியை மூடினேன்.

கொட்டகைக்கு வந்து சுவரில் இருந்த வரைபடத்தைக் கிழித்தேன். வட்டத்தின் மையம் தவறு. கொடியிலிருந்து இருநூறு மீட்டர் மேற்கு வரை தலைகள் இருக்கும். அந்த இருநூறு மீட்டருக்கு நடுவில்தான் ஓடுபாதையைப் போட்டு, எட்டுப் பேரையும் அதில் ஓட வைத்திருக்கிறேன். உள்ளீடு தவறு. உள்ளீடு தவறாக இருந்தால் முடிவும் தவறாகத்தான் வரும், அது தனிமனிதத் தவறு ஆகாது.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?" என்றார். இல்லை என்றேன்.

ஜூலை 12, ஞாயிறு

காற்று 23.

இன்று பாசிப் பெண்கள் யாரும் கடலுக்குப் போகவில்லை. காலையிலிருந்தே எங்கள் கொட்டகைக்கு எதிரே மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பதினெட்டுப் பேர், எண்ணினேன். கோஷம் இல்லை, சண்டை இல்லை. பேன் பார்த்தார்கள், பை தைத்தார்கள், வெற்றிலை போட்டார்கள். இது ஒரு வகை மிரட்டல் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார்.

பத்தரை மணிக்கு அந்தப் பக்கம் குடிதண்ணீர் எடுக்கப் போனேன்.

"இன்ஜினியரு, சாப்ட்டீகளா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்டீக?"

"ரவா உப்புமா."

"தொண்டையில எறங்குச்சா?"

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மதியம் நம்புசெல்வியே டீ கொண்டுவந்தார், ஒரு தூக்குவாளியில். எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே. ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. டீ அநியாயத்துக்கு இனிப்பு. தம்ளரை வாங்கிக்கொண்டு, "இன்னும் பொழுது இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நேரம் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாதா? கையில் கடிகாரம் இருக்கிறது.

நாலு மணிக்கு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பட்டங்களை மடித்து வைக்கும் மூலைக்கு.

"நிரஞ்சா, ஒரே ஒரு தடவ கேக்கேன். நீ எதும் சொல்லணுமா?"

"என்னண்ணா, என்மேல சந்தேகமா?"

"சந்தேகம்னு நான் எப்பல சொன்னேன்?"

"அங்கித்தோட தடம் இருக்கு. நான் காட்டினேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியலைன்னா நான் என்ன பண்ண?"

அண்ணன் என் முழங்காலைப் பார்த்தார். நான் அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். பிறகு வெளியே போய், படியில் உட்கார்ந்துகொண்டார்.

வகுப்புக்கு வந்த ஆறு பேரும் ஆளாளுக்குச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். லீவு போட்டு வந்திருக்கிறோம், எவனோ செய்ததற்கு நாங்கள் ஏன் போக வேண்டும் என்று. சரியான கேள்வி. நானும் அதைத்தான் கேட்கிறேன்.

6:38-க்கு சூரியன் மறைந்தது. பெண்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்கள். நம்புசெல்வி கொட்டகை வாசல்வரை வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ரைட்டு, பொழுது சாஞ்சிருச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்பாக இருந்தது. கடலுக்கு இறங்கும் வழியில் இரண்டு கம்புகளை நட்டு, கிழிந்த வலை ஒன்றை நடுவில் கட்டினார்கள். ஒரு குழந்தை தாண்டலாம், அவ்வளவு தாழ்வு. ஆனால் யாரும் தாண்ட மாட்டார்கள்.

ஜூலை 13, திங்கள்

காற்று அளக்கவில்லை.

கொட்டகையைப் பிரித்தோம். பதினோரு வருடத்துப் பொருள் ஒரு லாரிக்கு வந்தது. கீற்றை இறக்கும்போது அண்ணன் என் பக்கமே பார்க்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம், பொதுக் கடற்கரையை இப்படி அடைக்க இவர்களுக்கு உரிமை கிடையாது, வக்கீல் ஒருவர் தெரியும் என்றேன்.

அண்ணன் கையில் இருந்த கம்பைக் கீழே போட்டார்.

"ஏல, அவளுவளுக்கு அன்னைக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"காயத்தப் பாத்த டாக்டருக்கே தெரிஞ்சு போச்சு. கம்பி மாதிரி என்னமோ சைடுல இழுத்துருக்குன்னாரு. இந்தக் கரையில கம்பி வச்ச பலகை எத்தன இருக்கு? சொல்லு, நீதான் கணக்குப் புலியாச்சே."

நான் குனிந்து கீற்றை அடுக்கினேன்.

"நானும் புதன்கிழமையே தெரிஞ்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரியில ஒக்காந்துருக்கும்போதே."

"அப்ப ஏன் சொல்லல? நீங்க சொல்லியிருந்தா..."

"நான் சொன்னாச் செல்லாதுல! அன்னைக்கு நின்னு கேட்டல்லா? ஒன் வாயில வரணும்னு அஞ்சு நாள் காத்துக் கெடந்தாளுவ. வேலைக்குப் போகாம நேத்து பூரா மணல்ல கெடந்தாளுவ. எதுக்கு? ஒன்னப் பயங்காட்டவா? நீ எழுந்து வந்து ரெண்டு வார்த்த சொல்லிருவன்னு. சொல்லியிருந்தா ஒனக்கு ஒரு பருவம் போயிருக்கும். எனக்கு இந்தக் கர இருந்துருக்கும்."

"எனக்குப் போட்டி இருக்குண்ணா."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் பரவாயில்லை. லாரிக்காரரைக் கூப்பிட்டு, "இவன் சாமானத் தனியா எறக்கிருங்க. என் வண்டியில ஏத்தாதீங்க" என்றார்.

என் பை, இரண்டு பட்டம், பலகை, பம்ப். மணலில் இறக்கி வைத்தார்கள்.

ஜூலை 14, செவ்வாய்

ராமநாதபுரம் லாட்ஜ். மின்விசிறி ஒரு பக்கம் தட்டுகிறது. வேறு கரையில் பள்ளி வைத்திருக்கும் ஒருவரிடம் பேசினேன். ஃபாயில் ஓட்டத் தெரிந்த ஆள் அவருக்குத் தேவையாம், நாளைக்கே வரலாமாம். நரிமுந்தலை ஏன் விட்டாய் என்று கேட்டார். ஊர்ப் பிரச்சினை என்றேன். "எந்த முட்டாப்பய என்ன பண்ணித் தொலைச்சான்?" என்றார்.

வாடிக்கையாளர் ஒருவர், பெயர் அங்கித், என்றேன்.

ஜூலை 15, புதன்

போகவில்லை. காய்ச்சல் மாதிரி இருக்கிறது. வெப்பமானியில் 98.4. காய்ச்சல் இல்லை.

ஜூலை 8-ஆம் தேதிக் குறிப்பைப் படித்தேன். 11:40-க்கு 28.9 என்று எழுதியிருக்கிறேன். பதிவு இல்லாத பலகைக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது?

பேட்டரி தீரவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடத்தை நான் அழித்தேன். வெள்ளிக்கிழமை காலை, டீ குடிப்பதற்கு முன்னால். ஆமை இல்லை. ஆமைக்கு யார் வலைப்பை மாட்டிவிட்டது?

திரும்பிப் பார்த்தேன். பளபளப்பெல்லாம் ஒன்றுமில்லை. தெளிவாகத் தெரிந்தது.

ஜூலை 16, வியாழன்

முதல் பேருந்தைப் பிடித்து நரிமுந்தல் போனேன். எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. ஊருக்கு மேல்புறம் மேட்டில் பாசி காயப் போட்டிருந்தார்கள். மரிக்கொழுந்துப் பாசி, பழுப்பும் ஊதாவுமாகத் தரை முழுக்க. வழியில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒருவர் என் காலடியில் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

நம்புசெல்வி வேலியோரம் பையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, எதையும் விட்டுட்டுப் போயிட்டீகளா?"

"சொல்ல வந்தேங்க்கா. நான்தான்."

ஊசியை நிறுத்தாமலே, "தெரியும்" என்றார்.

"எல்லார் முன்னாடியும் சொல்றேன். கூட்டம் போடுங்க. நான் இனிமே எந்தக் கரையிலயும் எறங்கலை. லெஸ்லி அண்ணனுக்குக் கரையத் திருப்பிக் குடுத்துருங்க."

"வழக்கு முடிஞ்சு போச்சுய்யா. ஞாயித்துக்கெழமை பொழுதோட."

"நாலு நாள்தான் ஆகியிருக்கு."

"ஒனக்கு நாலு நாளு. நாளைக்கு எங்க ஆளு ஒருத்தன் வலைய அறுத்துட்டு வாயப் பொத்திக்கிட்டு இருப்பான். கேட்டா, இன்ஜினியருக்கு மட்டும் தவண குடுத்தீகன்னுவான். அப்ப நான் என்ன சொல்ல?" பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். "லெஸ்லி நல்ல மனுசன். அவருக்காக வருத்தந்தான். கரை கெடையாது."

கணக்குப் போட்டுக் கொண்டுவந்த விடையெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது.

"என்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு நிக்கிற? நானா அடி வாங்குனேன்?" என்று தாடையால் காட்டினார்.

பாசிக்கு அந்தப் பக்கம் பூமயில் உட்கார்ந்து கல்லும் சிப்பியும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகு காட்டி. இடது காதுக்குப் பின்னால் முடி மழித்த இடத்தில் கட்டு. கிட்டே போய் நின்றேன். நிழல் அவள் கைமேல் விழுந்தது. அவள் நிமிரவில்லை.

"நான்தான் இடிச்சேன்" என்றேன்.

பொறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு சிப்பியைத் தூக்கித் தூர எறிந்தாள். கோபம், பேச விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, திரும்பலாம் என்றுகூடத் தோன்றியது. உண்மையில் நிம்மதியாக இருந்தது.

வேலியோரத்திலிருந்து நம்புசெல்வி கத்தினார். "அங்கிட்டு நின்னு என்னத்தச் சொல்ற? அந்தக் காது போச்சு அவளுக்கு. கடல்ல எறங்கக் கூடாதுன்னுட்டாக. இங்கிட்டு சுத்தி வந்து சொல்லு."

எனக்குத் தெரியாது. ஏழு தையல், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சுற்றிப் போனேன். வலது பக்கம். இப்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் இடிச்சேன்."

"திரும்பிப் பாத்தீல்ல?"

"பாத்தேன்."

"கையத் தூக்குனேன். தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

தலையை ஆட்டினாள். பிறகு என் காலைப் பார்த்தாள்.

"கேட்டுச்சு. பாசி மேல நிக்கிற. எறங்கு."